தண்ணீர் காட்டியவள்

மித்தாபுக்கூரில் எனக்கு இரண்டு பெயர்.
எதிரில் நின்றால் தோஜம்மேல் பாய்.
முதுகுக்குப் பின்னால், டீசல்.

தகரக் கொட்டகை, ஒரு பூட்டு,
பழைய சீன இயந்திரம்,
அதை நம்பிப் பதினேழு வயல்கள்.
போரோ நடவுக்கு முன்பே பேசிவிடுவோம்,
பீகாவுக்கு இத்தனை டாக்கா என்று.
எண்ணெய் என் செலவு.
பாய்ச்சினாலும் பாய்ச்சாவிட்டாலும் அதே காசு.
ஆகவே யாரும் போதும் என்று சொன்னதில்லை.
இன்னும் கொஞ்சம் பாய், வரப்பைத் தொடட்டும் பாய்,
விருந்தில் குழம்பு கேட்பதுபோல.

மொர்ஜினா மட்டும்
ஃபால்குன் மாதத்தில் ஒரு காலை
வாய்க்கால் மடையை மண்வெட்டியால் அடைத்துவிட்டு
"இன்றைக்கு வேண்டாம்" என்றாள்.
நான்கு நாள் கழித்தும் வேண்டாம்.
மண்ணில் மயிரிழையாய் வெடிப்பு ஓடியது,
அப்போதும் வேண்டாம்.

லத்தீஃபின் இயந்திரத்தில் எடுக்கிறாளோ?
கண்ணில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன் ஓரிரவு,
என் தொழிலில் அது வெறும் பேச்சல்ல,
சட்டையெல்லாம் எண்ணெய்தான்.
கைவிளக்கோடு வந்தாள்.
வயல் நடுவே புதைத்த துளைபோட்ட குழாய்க்குள்
மூங்கில் குச்சியை இறக்கினாள், எடுத்தாள்,
ஈரம் நின்ற இடத்தை விரலால் அளந்தாள்.
மேலே காய்ந்த மண்,
சாண் ஆழத்தில் தண்ணீர்.
வேர் அங்கே போய்க் குடித்துக்கொண்டிருந்தது,
என்னைக் கேட்காமல்.

அந்தக் குழாயை எனக்கும் தெரியும்.
வேளாண் அலுவலகத்து பிப்லப்
டீக்கடை வாசலில் வித்தை காட்டிய நாள்,
என் வயலில்தான் இறங்கினான்.
நீர் நிறைந்த சேற்றை மிதிக்க மிதிக்க
குமிழிகள்.
கவிழ்த்த பாட்டிலில் பிடித்துத் தீக்குச்சி வைத்தான்.
ஒரு நீலத் துடிப்பு.
காற்றில்லாமல் புழுங்குகிற சேறு விடும் வாயு இது என்றான்,
வானத்துக்குக் கம்பளி போர்த்துவது இது என்றான்,
நடுவில் ஒருமுறை மண் மூச்சுவிட்டால்
பாதியாகக் குறையும் என்றான்.
கைதட்டினோம்.
"சேறு ஏப்பம் விட்டால் எனக்கென்ன?" என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள்,
சிரித்த வாயோடு டீ குடித்தார்கள்.

பூக்கும் பருவத்தில் அவளே கூப்பிட்டாள்:
"இப்போது நிறுத்தாதே, நிற்க நிற்கப் பாய்ச்சு."
பாய்ச்சினேன்.
அறுவடையில் அவள் மூட்டைகளை எண்ணினேன்.
என் வயலைவிட ஒன்றும் குறையவில்லை.

அதன்பின் வந்தாள், கொட்டகைக்கு,
பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டோடு.
கூட்டல் கணக்குக்கும் மாட்டுப் படத்துக்கும் நடுவே
தேதிகள்.
"எட்டு முறை உன் இயந்திரம் எனக்காக ஓடவில்லை.
எட்டு முறைக்கு எண்ணெய் எவ்வளவு?
பாதி என்னுடையது."

பேச்சு பேச்சுதான் என்றேன்.
பருவத்துக்கு இவ்வளவு என்றால் அவ்வளவுதான் என்றேன்.
காஜிப்பூர் ஆலையிலிருந்து உன் புருஷன் வரட்டும் என்றும் சொன்னேன்,
அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"குச்சியை இறக்கிப் பார்த்தது அவரா?"

காற்றுக்குக் காசு வரும் என்று
கண்ணாடிப் பெட்டிகளோடு வந்தவர்கள்
அவள் வயலில் மூன்று நாள் வாயு பிடித்தார்கள்,
கையெழுத்து வாங்கினார்கள், போனார்கள்.
வானம் இன்னும் ஒரு டாக்கா அனுப்பவில்லை.
மிச்சமான எண்ணெய் மட்டும்
என் பீப்பாயில், முழங்கால் உயரத்துக்கு,
கணக்கில்லாமல் கிடந்தது.

தண்ணீரே வாங்காமல்
எனக்குத் தண்ணீர் காட்டியவள்
நோட்டை மூடாமல் நின்றாள்.

ஐந்நூறு எடுத்து வைத்தேன்.
எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
காதிலிருந்து பென்சிலை எடுத்து
மாட்டுப் படத்தின் வயிற்றில் எழுதினாள்:
டீசல், பாக்கி எழுநூறு.

இந்த போரோவில் ஏழு குழாய்கள் முளைத்திருக்கின்றன.
மணிக்கணக்கில் விற்கிறேன் இப்போது,
கஞ்சன் என்கிறார்கள்.
அந்தப் பக்கத்தை அவள் இன்னும் கிழிக்கவில்லை.